லோ-கார்ப் உணவில் உடற்பயிற்சித் தலைவலி: எதை முதலில் மாற்றிப் பார்ப்பது?

குறைந்த மாவுச்சத்து உணவுக்கு மாறி இரண்டாவது வாரம். நாற்பது நிமிடம் ஓடிவிட்டு, குளித்து, வந்து உட்கார்ந்தால் நெற்றியைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்குவது போல வலி. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் பொறுமை போய்விட்டது. உப்புத் தண்ணீர் குடித்தேன், காபி குடித்தேன், ஒரு வாழைப்பழம் சாப்பிட்டேன், அதுவும் போதாதென்று ஒரு வலி மாத்திரையும் போட்டேன். ஒரு மணி நேரத்தில் வலி போயே போய்விட்டது. நான்கில் எது போக்கியது என்றுதான் தெரியவில்லை. அடுத்த ஓட்டத்துக்குப் பின் வலி திரும்பி வந்தபோது எதை எடுப்பது என்று மறுபடி அதே குழப்பம்.

அப்புறம்தான், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, அதற்கு நான்கைந்து பயிற்சி நாட்கள் கொடுப்பது என்று வைத்துக்கொண்டேன். நம் முன்னால் இருக்கும் வழிகள் அதிகமில்லை. உப்பைக் கூட்டலாம். பயிற்சியின் வேகத்தைக் குறைக்கலாம். பயிற்சியை ஒட்டி மட்டும் கொஞ்சம் மாவுச்சத்து எடுக்கலாம். மாத்திரை போடலாம். உணவுமுறையையே தளர்த்தலாம். என் கணிப்பைக் கேட்டால், பெரும்பாலானவர்கள் உப்பில் தொடங்குவது நல்லது, அடுத்தது வேகம், மாவுச்சத்து மூன்றாவது, மாத்திரை கடைசி. ஆனால் தலைவலி எப்போது, எப்படி வருகிறது என்பதைப் பார்த்து இந்த வரிசையை மாற்ற வேண்டியிருக்கும்.

முதலில், வீட்டில் சோதிக்கக் கூடாத தலைவலி

உணவை மாற்றிய காலத்தில் வந்தது என்பதற்காக எல்லாத் தலைவலியையும் உணவின் மேல் போட்டுவிட முடியாது. பயிற்சியின் நடுவில் இடி விழுந்தது போல ஒரே நொடியில் தொடங்கி, ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் வலி என்றால் உப்பு, பழம் என்று யோசிக்கவே கூடாது. உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். மூளையைச் சுற்றி ரத்தக் கசிவு, கழுத்து ரத்தக்குழாயின் சுவர் கிழிவது போன்றவை இப்படித்தான் தலைகாட்டும். கழுத்து விறைப்பது, திரும்பத் திரும்ப வாந்தி, பார்வை இரட்டையாகத் தெரிவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கம் பலவீனம், மயக்கம் ஆகியவையும் அதே வகை. நெஞ்சு வலியோடோ, கைக்குப் பரவும் வலியோடோ வரும் தலைவலி இதயத்தைப் பற்றியதாக இருக்கலாம். ஐம்பது வயதுக்கு மேல் வாழ்க்கையில் முதல்முறையாக உடற்பயிற்சித் தலைவலி வந்தால், லேசாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டிவிடுவதே சரி.

இன்னொரு வகையும் உண்டு. கடும் உழைப்பின்போதோ அது முடிந்த கையோடோ மட்டும் வரும். பெரும்பாலும் விண்விண்ணென்று தெறிக்கும். 48 மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். ஸ்கேனில் ஒன்றும் இருக்காது. மருத்துவத்தில் இதை ‘முதன்மை உடற்பயிற்சித் தலைவலி’ என்று தனியாகவே வகைப்படுத்தியிருக்கிறார்கள். வெயிலிலும் உயரமான மலைப்பகுதிகளிலும் அதிகம் வரும். மாவுச்சத்து சாப்பிடுபவர்களுக்கும் வரும், சாப்பிடாதவர்களுக்கும் வரும். இது அந்த வகைதான் என்று முடிவு செய்வது மருத்துவரின் வேலை. ஏனென்றால் முதல்முறை வரும்போது மேலே சொன்ன ஆபத்தானவை இல்லை என்று உறுதிசெய்த பிறகே இந்தப் பெயரை வைக்க முடியும்.

மீதி இருப்பது, பயிற்சி முடிந்து அரைமணி நேரம், ஒரு மணி நேரம் கழித்து மெல்ல ஏறும் மந்தமான வலி. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

உப்பு: ஏன் முதல் இடம்?

மாவுச்சத்தைக் குறைத்ததும் முதலில் காலியாவது தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையான கிளைக்கோஜன். தோராயமாக ஐந்நூறு கிராம் அளவுக்கு உடலில் இருக்கும். ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைக் கூடவே பிடித்து வைத்திருக்கும். கிளைக்கோஜன் குறையக் குறைய அந்தத் தண்ணீரும் போகிறது. முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்குவதைப் பார்த்து நாம் மகிழ்கிறோமே, அதில் பெரும்பங்கு இதுதான்.

இரண்டாவது காரணம் இன்சுலின். இன்சுலின் செய்யும் வேலைகளில் ஒன்று, சோடியத்தை வெளியே விடாதே என்று சிறுநீரகத்துக்குச் சொல்வது. மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் இறங்கும். சிறுநீரகம் சோடியத்தைத் தாராளமாக வெளியே விடும். அதோடு, பொட்டலத்தில் வரும் உணவுகளையும் இதே சமயத்தில் நிறுத்தியிருப்போம். நாம் சாப்பிட்டு வந்த உப்பில் கணிசமான பங்கு அவற்றில்தான் இருந்தது. ஆக, வரவு குறைந்து செலவு கூடிய நேரத்தில் போய் வியர்க்க வியர்க்க ஓடுகிறோம். ஒரு லிட்டர் வியர்வையில் ஆளுக்கு ஆள் 200 மில்லிகிராமிலிருந்து 2,000 மில்லிகிராம் வரை சோடியம் இருக்கலாம். உலர்ந்த பின் உடையில் வெள்ளை வெள்ளையாகக் கோடு படிகிறவர்கள் அதிகம் இழக்கும் கூட்டம்.

உங்கள் தலைவலி இந்த ரகமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? உட்கார்ந்திருந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டுகிறதா? படியேறும்போது வழக்கத்தைவிட அதிகமாகப் படபடக்கிறதா? தண்ணீர் குடித்தும் வலி குறையாமல், குடித்தது எல்லாம் உடனே சிறுநீராகப் போகிறதா? இவற்றுக்கு ஆமாம் என்றால் உப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எனக்கு மூன்றுமே இருந்தன.

அளவு பற்றித்தான் சண்டை அதிகம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது 2 கிராமுக்குக் குறைவான சோடியம் என்கிறது. குறைந்த மாவுச்சத்து உணவை நீண்டகாலம் ஆராய்ந்த ஸ்டீபன் ஃபின்னி, ஜெஃப் வோலக் போன்றவர்களோ இந்த உணவில் இருப்பவர்களுக்கு நாளைக்கு 3 முதல் 5 கிராம் சோடியம் தேவை என்கிறார்கள். ஒன்று ஊருக்கெல்லாம் பொதுவாகச் சொன்னது. மற்றது, சிறுநீரகம் சோடியத்தை விட்டுக்கொண்டிருக்கும் நிலையில் இருப்பவருக்குச் சொன்னது. எனவே இரண்டும் முழுக்க மோதுவதாக நான் நினைக்கவில்லை. அதற்காக 5 கிராமைப் பிடித்துக்கொண்டு தொடங்க வேண்டியதும் இல்லை. பயிற்சிக்கு அரைமணி அல்லது முக்கால் மணி நேரம் முன்பு, அரை லிட்டர் தண்ணீரில் கால் டீஸ்பூன் உப்பு போதும். அது சுமார் ஒன்றரை கிராம் உப்பு, அதில் ஏறக்குறைய 600 மில்லிகிராம் சோடியம். ஒரு டம்ளரில் ஒரு டீஸ்பூனைக் கொட்டிக் கலக்கி மடமடவென்று குடித்தால் ஓட்டம் மைதானத்தில் இருக்காது, கழிப்பறைக்குத்தான் இருக்கும்.

கடையில் கிடைக்கும் பானங்களை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். வழக்கமான விளையாட்டு பானம் ஒரு லிட்டரில் 60 கிராம் அளவுக்குச் சர்க்கரை. சோடியம் 450 மில்லிகிராம் அளவில்தான். நாள் முழுக்க மாவுச்சத்தைத் தவிர்த்துவிட்டு ஒரே பாட்டிலில் அதைத் திரும்ப ஏற்றிக்கொள்கிறோம், அதுவும் கேட்டது உப்பு. வயிற்றுப்போக்குக்குத் தரும் உப்பு-சர்க்கரைக் கரைசலில் நிலைமை தலைகீழ். உலகச் சுகாதார நிறுவனம் 2002-இல் திருத்திய கலவைப்படி லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், சோடியம் சுமார் 1,700 மில்லிகிராம். லோ-கார்ப்காரர் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் இது எவ்வளவோ மேல். நீண்ட நேரம் வியர்த்த நாளுக்குப் பொருத்தமும்கூட. தினமும் குடிக்க வேண்டிய பானம் இல்லை.

‘தண்ணீர் போதவில்லை, அதனால்தான் தலைவலி’ என்று எல்லாரும் சொல்வார்கள். பாதி உண்மை. சோடியம் குறைந்திருக்கும் உடலில் வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியத்தின் அடர்த்தி இன்னும் இறங்கும். அது லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே போனால் அதுவே தலைவலி, குமட்டல், குழப்பம் என்று காட்டும். முற்றினால் உயிருக்கே ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் எடுத்துப் பார்த்த ஓட்டக்காரர்களில் 13 விழுக்காட்டினருக்கு இப்படி இறங்கியிருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடம் இது மிகுதியாக இருந்தது. ஓட்டத்தில் எடை கூடுகிறது என்றால் இழந்ததைவிட அதிகமாகக் குடித்திருக்கிறார்கள் என்று பொருள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் இது நமக்கும் தெரிந்துவிடும். ஒரு கிலோ குறைந்திருந்தால் சுமார் ஒரு லிட்டர் போயிருக்கிறது. எடை கூடியிருந்தால் குடித்ததைக் குறைக்க வேண்டும்.

உயர் ரத்த அழுத்தம், சிறுநீரக நோய், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் தாங்களாக உப்பைக் கூட்டக் கூடாது. இதற்கு நேர் எதிரான சிக்கலும் வரலாம்: மாவுச்சத்தைக் குறைத்ததும் ரத்த அழுத்தம் தானாக இறங்கி, பழைய அளவிலேயே போடும் பி.பி. மாத்திரை அதிகமாகிவிடும். தலைசுற்றலுக்கு அங்கே தீர்வு உப்பில் கிடையாது, மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைப்பதில் இருக்கிறது. ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். நமக்கு வேண்டியது சோடியம் என்பதால் அது இங்கே உதவாது, சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் சில பி.பி. மாத்திரைக்காரர்களுக்கும் ஆபத்தும்கூட.

ஓய்வு நாளிலும் வலித்தால்

பயிற்சியே இல்லாத நாளிலும் அதே நேரத்துக்கு வலி வருகிறதா என்று பாருங்கள். வந்தால், பயிற்சியைக் குற்றம் சொல்வதற்கு முன் காபியைப் பற்றிக் கேட்க வேண்டும். சர்க்கரையை நிறுத்தும் பலர், சர்க்கரை இல்லாத காபியும் தேநீரும் பிடிக்காமல் அவற்றையும் சேர்த்தே விட்டுவிடுகிறார்கள். நாளைக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் கஃபீன் இரண்டு வாரத்துக்கு மேலாக எடுத்து வந்தவர் திடீரென்று நிறுத்தினால் 24 மணி நேரத்துக்குள் தலைவலி வரலாம். ஏழு நாளில் தானாக அடங்கும். பழி லோ-கார்ப் மேல் விழும். இதற்கான முடிவு எளிது: இரண்டு பெரிய மாற்றங்களை ஒரே வாரத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். காபியைப் பழைய அளவிலேயே வைத்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

வேகத்தைக் குறைப்பது

செலவே இல்லாத வழி, ஆனால் யாருக்கும் பிடிக்காத வழி. புது உணவில் உற்சாகமாக இருப்பவரிடம் போய் மெதுவாக ஓடு என்றால் கேட்பாரா? நான் கேட்கவில்லை.

காரணம் இதுதான். மிதமான வேகத்தில் உடல் கொழுப்பை நன்றாக எரிக்கும். வேகம் கூடக் கூடக் கொழுப்பின் பங்கு சுருங்கி, மாவுச்சத்தின் பங்கு ஏறும். கிளைக்கோஜன் குறைவாக உள்ள உடலை அந்த வேகத்துக்கு விரட்டினால் அதே வேலை இரட்டிப்பு கடினமாகத் தோன்றும். மூச்சு வாங்கும், தாடையையும் தோளையும் இறுக்கிக்கொள்வோம், வியர்வையும் அதிகம். கொழுப்பை முக்கிய எரிபொருளாக்க உடல் பழகச் சில வாரங்கள் ஆகலாம்.

இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்தால் இந்த வழியின் எல்லை தெரியும். ஃபின்னி 1983-இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், பயிற்சி பெற்ற ஐந்து சைக்கிள் ஓட்டிகள் நான்கு வாரம் மாவுச்சத்தை அறவே குறைத்த பிறகும் மிதமான வேகத்தில் முன்பு தாக்குப்பிடித்த அளவுக்குத் தாக்குப்பிடித்தார்கள். அவர்களுக்குச் சோடியமும் பொட்டாசியமும் தனியாகக் கொடுக்கப்பட்டன என்பதையும் கவனிக்க வேண்டும். விளையாட்டு ஊட்டச்சத்து ஆய்வாளர் லூயிஸ் பர்க்கின் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்றவர்கள் உலகத் தரமான நடைப்போட்டி வீரர்கள். மூன்று வாரத்தில், அவர்களில் மாவுச்சத்தைக் குறைத்த குழுவின் உடலும் கொழுப்பை அபாரமாக எரிக்கப் பழகியது. ஆனால் போட்டி வேகத்தில் அதே வேகத்துக்கு அதிக ஆக்சிஜன் தேவைப்பட்டது. மாவுச்சத்து சாப்பிட்ட குழுக்கள் பத்து கிலோமீட்டர் நேரத்தை முன்னேற்றிக்கொண்டன, இவர்களால் முடியவில்லை. மெதுவாக நெடுநேரம் போகிறவருக்குக் காத்திருந்தால் பலன் கிடைக்கும். முழு வேகம் தேவைப்படுகிறவருக்குக் காத்திருப்பு மட்டும் போதாது.

எனவே எடை குறைப்பும் ஆரோக்கியமும்தான் குறிக்கோள் என்றால், ஒரு மாதத்துக்குப் பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் ஓடுங்கள், முதல் பத்து நிமிடம் வார்ம்-அப் கொடுங்கள். எடை தூக்குகிறவர்கள் வேறு ஒன்றையும் பார்க்க வேண்டும்: மூச்சை அடக்கிக்கொண்டு முக்கித் தூக்கினால் ரத்த அழுத்தம் அந்த நொடியில் எகிறும், அதுவே தலைவலியைக் கிளப்பும். தூக்கும்போது மூச்சை விட்டு, எடையைக் கொஞ்சம் குறைத்துப் பார்த்தால் இரண்டு நாளில் விடை தெரிந்துவிடும். அப்படியும் தெறித்தால் மருத்துவரிடம் போக வேண்டிய வகை.

பயிற்சியை ஒட்டி மட்டும் மாவுச்சத்து

பயிற்சிக்கு அரைமணி முன்பு 15 முதல் 30 கிராம் மாவுச்சத்து, நாளின் மற்ற நேரத்தில் வழக்கம்போல. ஒரு நடுத்தர வாழைப்பழமே கிட்டத்தட்ட 25 கிராமைத் தாண்டிவிடும். விட்டு விட்டு வேகமாக ஓடுகிறவர்கள், கால்பந்து போல ஓடி நின்று ஓடும் விளையாட்டுக்காரர்கள், மாதம் ஒன்றாகியும் வேகத்தில் மட்டும் தலைவலி வருகிறவர்கள் ஆகியோருக்கு இதுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன். மாவுச்சத்தை அறவே குறைக்கும் கண்டிப்பான கீட்டோ உணவில் இருப்பவர்களுக்கு, கொழுப்பை எரிக்கும்போது கல்லீரல் உண்டாக்கும் கீட்டோனின் அளவு சில மணி நேரம் இறங்கும். அது அவ்வளவு முக்கியமா என்பது அவரவர் எதற்காக அந்த உணவில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. வலிப்பு நோய்க்காக மருத்துவர் கொடுத்த கீட்டோ என்றால் கேட்காமல் கை வைக்கவே கூடாது.

இதை நான் மூன்றாவதாக வைத்ததற்குக் காரணம் உண்டு. இனிப்பைச் சாப்பிட்டதும் வலி போனால், ‘சர்க்கரை இறங்கியிருந்தது’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். மருந்து எதுவும் எடுக்காத ஆரோக்கியமான ஒருவருக்கு ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போவது சாதாரணமாக நடக்காது. கல்லீரல் புதிதாகச் சர்க்கரையைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். மாவுச்சத்தைக் கூட்டினால் இன்சுலினும் ஏறும், சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்து வைக்கத் தொடங்கும். ஆக, குறை உப்பில் இருந்தாலும் மாவுச்சத்து நிவாரணம் தந்துவிடலாம். உப்பைச் சோதிக்காமல் இதற்குத் தாவினால் காரணம் தெரியாமலேயே போகும். சந்தேகம் இருந்தால் வலிக்கும் நேரத்தில் குளுக்கோமீட்டரில் ஒரு துளி ரத்தம் பார்த்தால் தீர்ந்தது.

நீரிழிவுக்கு இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்கள் விஷயம் வேறு. மாவுச்சத்தைக் குறைத்து, பயிற்சியும் செய்தால் அவர்களுக்கு உண்மையிலேயே சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். நடுக்கமும் குளிர்ந்த வியர்வையும் சேர்ந்த தலைவலி என்றால் உடனே சர்க்கரை எடுத்துக்கொண்டு, அப்புறம் மருந்தின் அளவை மருத்துவரிடம் பேச வேண்டும். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் எஸ்.ஜி.எல்.டி.-2 வகை நீரிழிவு மாத்திரையில் இருப்பவர்கள், சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தம் அமிலமாகும் அபாயம் இருப்பதால், மருத்துவரைக் கேட்காமல் லோ-கார்ப் தொடங்கவே கூடாது.

மாத்திரை

என்றோ ஒருநாள் போட்டுக்கொள்வதில் தவறில்லை. பயிற்சிக்கு முன்பே ஐபுப்ரோஃபென் போட்டுக்கொண்டு ஓடுவதுதான் எனக்குப் பிடிக்காதது. உடலில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் அந்த வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் சுமை. மாதத்தில் 15 நாளுக்கு மேல், மூன்று மாதத்துக்கும் மேலாக வலி மாத்திரை போட்டால் மாத்திரையே தினசரித் தலைவலிக்குக் காரணமாகிவிடலாம். முதன்மை உடற்பயிற்சித் தலைவலி என்று உறுதியானவர்களுக்கு இண்டோமெதசின் பெரும்பாலும் கேட்கும். அது மருத்துவர் எழுதித்தர வேண்டிய மருந்து.

உணவையே தளர்த்துவது

இதைத் தோல்வி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நாளைக்கு 30 கிராம் மாவுச்சத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் 100 கிராமில் நிம்மதியாக ஓடினால் எதைத் தோற்றார் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் இரண்டாவது வாரத்திலேயே இந்த முடிவுக்கு வருவது அவசரம். உப்பைச் சரிசெய்து, வேகத்தைக் குறைத்து, ஆறு வாரம் போன பிறகும் வாரத்துக்கு இரண்டு முறை வலிக்கிறது, மருத்துவரும் பார்த்துவிட்டார் என்றால் தாராளமாகத் தளர்த்தலாம். ஒற்றைத் தலைவலி ஏற்கெனவே உள்ளவர்களுக்கு உணவைத் தவறவிடுவதே வலியைத் தூண்டும். அவர்கள் லோ-கார்ப்போடு விரதத்தையும் சேர்த்துக்கொண்டிருந்தால் முதலில் விரதத்தை விடுவது மேல்.

என் கதையில், உப்பு நான்கில் மூன்று பங்கு வேலையை முடித்தது. ஐந்தாவது வாரத்திலிருந்து ஓட்டத்தில் வலி வரவே இல்லை. ஆனால் நீந்தும் நாட்களில் மட்டும் விடாமல் வந்தது. உப்பைக் கூட்டினேன், பழம் சாப்பிட்டேன், மெதுவாக நீந்தினேன், ஒன்றும் அசையவில்லை. குளத்திலிருந்து ஏறி ஒரு மணி நேரத்துக்குள் அது தானாகப் போய்விடுவதைத் தற்செயலாகக் கவனித்த பிறகு, நீச்சல் கண்ணாடியின் பட்டையைத் தளர்த்திக்கொண்டேன். இப்போது தண்ணீர் கொஞ்சம் உள்ளே வருகிறது, வலி வருவதில்லை.